மூன்றாவது நிறம்

புதுவயல் அரிசி ஆலையில், உமி மூட்டைகளுக்குப் பின்னால்
ஒன்பது வருடம் நின்றிருந்தது.
நாலாயிரம் கொடுத்துவிட்டு எடுத்துப் போ,
கணக்கில் எழுத வேண்டாம் என்றார் முதலாளி.
கணக்கன் நான்தான்.

குட்டியானையில் ஏறிக் கோட்டையூர் வந்தோம்,
நானும் ஒரு சுசூகியும்.
செங்கமலம் வாசலில் மறித்துக் கேட்டாள்:
இதுக்கு எங்க பாய் விரிக்கிறது?

காற்று வடிகட்டியைத் திறந்ததும் உமி கொட்டியது.
அரைப்படி இருக்கும்.
சைலன்சருக்குள் குளவி
ஐந்து அறை கட்டிக் குடியிருந்து போயிருந்தது.
நான்கு காலி. ஐந்தாவதில்
காய்ந்துபோன ஒரு சிலந்தி.

திருகாணிகளில் நான்கின் தலையை நானே மழித்தேன்,
உள்ளூர்த் திருப்புளியால் அழுத்தி.
காரைக்குடிக் கடையில் இன்னாசி சிரித்தான்:
பார்க்கக் கூட்டல் குறி மாதிரித்தான் இருக்கும் அண்ணே,
ஜப்பான்காரனுது வேற கூட்டல்.

பிஸ்டன் சிலிண்டரை விடமாட்டேன் என்றது.
டீசல் ஊற்றினேன். மூன்று நாள். ஏழு நாள்.
பதினோராம் நாள் கட்டை வைத்துத் தட்டியபோது
ஒரு மயிரிழை இறங்கியது.
மறுநாள் நெல் வரவில்
ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேன்.

ஆத்தங்குடி ஓடு தேங்காய் எண்ணெய்க்கு மினுங்கும்.
எஞ்சினிலிருந்து வழிந்ததையும்
அதே ஆசையோடு குடித்துவிட்டது.
மஞ்சள் பூவுக்கு நடுவில் கறுப்பாய் ஒரு வட்டம்.
வாடகைக்கு வீட்டுக்காரர் வரும் ஐந்தாம் தேதிகளில்
அதன்மேல் அரிசி மூட்டையை நகர்த்தி வைப்பாள் செங்கமலம்.
அவள் என் கட்சிக்கு வந்தது இப்படித்தான்.

டேங்க்கை உப்புத்தாளால் தேய்த்தேன்.
மேலே கறுப்பு, அதனடியில் வெள்ளி,
பிறகு பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை.
ஏதோ அடிப்பூச்சு என்று அதையும் தேய்த்துக் கழுவினேன்.
கடைசியில், இரும்பை ஒட்டி, சிவப்பு.
கண்டுபிடித்துவிட்டேன் என்று அந்தச் சிவப்பையே அடித்தேன்,
இரண்டு கோட்டிங்.

எட்டாம் மாதம், முப்பத்து நாலாவது உதையில்
எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டிகள்மேல்
வெள்ளைப் புகை.
திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தேன்.

பெயர் மாற்ற, விற்றவர் கையெழுத்து வேண்டும்.
ஆர்சி புத்தகத்தில் முதலாளி பெயர் இல்லை.
சா. உமையாள், பள்ளத்தூர்.

நான் விக்கலையே, என்றார் அந்த அம்மா.
கணவர் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம்
கொழுந்தன் கடனுக்கு ஈடாக ஆலையில் விட்டுவிட்டாராம்.
கேட்டுக் கடிதம் போட்டாராம்.
பதில் வந்ததாம்.
எழுந்து போய் எடுத்து வந்தார்,
ஆலை முத்திரை குத்திய அஞ்சலட்டை.

தங்கள் கடிதம் கிடைத்தது.
விசாரித்துத் தெரிவிக்கிறோம்.

தினம் பத்துப் பதினைந்து எழுதுவோம் அப்படி.
நான் நிரப்பிக் கொண்டுபோன படிவத்தை
அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.
கொம்பு வளையும் ஒரே 'றோ', இரண்டிலும்.
கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்,
இறக்கிப் பார்த்தார்.
வியாழக்கிழமை வண்டியைக் கொண்டு வாங்க, என்றார்.

வியாழன். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.
டேங்க்கில் கை வைத்தார்,
சூடு பார்ப்பது போல.
சிவப்பு கம்பெனிக்காரன் அடிச்சது.
எனக்குப் பிடிக்காதுன்னு வாங்கின வாரமே
நார்த்தை இலை கொண்டுபோய்க் காட்டி
பச்சை அடிக்கச் சொன்னேன்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
படிவம் அவரிடமே இருக்கிறது.

பக்கத் தகட்டின் உள்மடிப்பில்
உப்புத்தாள் எட்டாத இடத்தில்
கட்டைவிரல் அகலம் பச்சை மிஞ்சியிருக்கிறது.
அதற்குப் பக்கத்தில் இன்று ஒரு நார்த்தை இலையை
வைத்துப் பார்த்தேன்.

மணி பதினொன்று.
என் சிவப்பு சேறாகி முழங்கை வரை வழிகிறது.
யாருக்குங்க இது இப்ப, என்கிறாள் செங்கமலம்,
செம்போடு நின்றபடி.

தண்ணியை ஊத்து, என்கிறேன்.